நினிவே திருந்தினால் நமக்கு மகிழ்ச்சியா?

யோனா இறைவாக்கினரின் வரலாற்றை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் இராது. அவர் மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்த செய்தியைச் சிறுவரும் சுவையோடு சொல்வர். ஆயினும் அந்நூலின் இறுதி அதிகாரத்தைக் கருத்தூன்றிப் படிப்போர் சிலரே. நினிவே அசீரியரின் மாநகர். இஸ்ராயேல் மக்களுக்கோ பகைவரின் கோட்டை. அந்நகர் அழியப்போகிறது என்று யோனா தெருத்தெருவாக அறிவித்தார். அரசன் முதல் எளியவர் வரை அனைவரும் கோணி உடுத்தி மனந்திரும்பினர். இறைவன் இரங்கினார்; நகர் பிழைத்தது. அதைக் கண்டு யோனா மகிழ்ந்தாரா? இல்லை, கடுஞ்சினங்கொண்டார். வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று இறைவனிடமே முறையிட்டார். நகருக்கு வெளியே பந்தலிட்டு அமர்ந்து, அதற்கு என்ன நேரும் என்று பார்த்திருந்தார்.

நினிவே கெட்ட நகர் என்னும் முடிவு அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. அம்முடிவுக்குப் போதிய காரணமும் இருந்தது. ஆனால் காரணம் மாறிய பின்பும் முடிவு மாறவில்லை. யோனாவின் துயரம் இதுதான்.

நாடுகளின் அயல்நாட்டுக் கொள்கையை வகுக்கும் பெரியோரிடமும் இதே துயரத்தைக் காண்கிறோம். உலகம் மாறுகிறது. பகைவர் நண்பராகின்றனர், நண்பர் பகைவராகின்றனர், பேரரசுகள் சிதைகின்றன. இவற்றையெல்லாம் பிறரைவிட முன்னதாக அறியக்கூடியவர்கள் அந்தப் பெரியோரே. தூதர்களும் ஒற்றர்களும் நாள்தோறும் அவர்களுக்குச் செய்தி அனுப்புகின்றனர். அப்படியிருக்க, உலகம் மாறும்போது அவர்களுடைய எண்ணங்களும் மாறுகின்றனவா? இம்மாதம் இதைச் சிந்திப்போம். அவர்களுடைய எண்ணத்தால் போருக்குச் செல்வோர் நம்மைப் போன்ற எளிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆகையால், இது நமக்கு அயலான பொருளன்று.

முதற்கண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர் ஜான் பாஸ்டர் டல்லஸ். அவருடைய தந்தை பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர். தந்தைவழிப் பாட்டனார் நம் சென்னைக்கே வந்து மறைபரப்புப் பணி செய்தவர். தாய்வழிப் பாட்டனாரும் முன்னாள் வெளிநாட்டு அமைச்சர். டல்லஸ் கற்றறிந்தவர், கடமை தவறாதவர், ஆலயங்களின் கூட்டமைப்பில் நிலையான சமாதானத்திற்காக உழைத்தவர். கடவுளை மறுக்கும் கம்யூனிச அரசு நன்மை எதையும் நாடாது என்பது அவருடைய அசையா நம்பிக்கை.

ஓலி ஹோல்ஸ்டி என்னும் அரசியல் ஆய்வாளர், டல்லஸ் அமைச்சராயிருந்த காலத்தில் சோவியத் ரஷ்யாவைப் பற்றிப் பேசியவற்றையும் எழுதியவற்றையும் தொகுத்து, வரிவரியாக ஆராய்ந்து 1962-இல் முடிவை வெளியிட்டார். ரஷ்யாவின் பகைமை குறைந்து வருவதை டல்லஸ் சில வேளைகளில் ஒப்புக்கொண்டார். ஆனால் அவ்வாறு ஒப்புக்கொண்ட போதெல்லாம், அது வலிமை குன்றியதால் வந்த பணிவு என்றே பொருள் கொண்டார். அந்த அரசின் உள்ளம் கெட்டது என்ற அடிப்படை மதிப்பீட்டில் மட்டும் மாற்றமே இல்லை.

சான்றாக, 1955 மே 15-ஆம் நாள் வியன்னாவில் ஆஸ்திரிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பத்தாண்டுகளாக அந்நாட்டில் இருந்த ரஷ்யப் படை வெளியேறச் சம்மதித்தது. டல்லசும் நேரில் சென்று கையொப்பமிட்டார். ஆயினும் அது மேலைநாடுகளின் உறுதிக்குக் கிடைத்த வெற்றி என்றே அவர் கருதினார். 1956 மே மாதம் தன் படையில் 12 லட்சம் பேரைக் குறைக்கப்போவதாக ரஷ்யா அறிவித்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவை என்பதே காரணம் என்றும், படையிலிருந்து விடுபட்டோர் அணு ஆயுதம் செய்யும் இடங்களுக்கு அனுப்பப்படலாம் என்றும் அவர் பதில் கூறினார். படையைப் பெருக்கினால் அது பகைமை. குறைத்தால் அது சூழ்ச்சி அல்லது பலவீனம். அவ்வாறாயின், அவருடைய எண்ணத்தை மாற்றுவதற்கு ரஷ்யா எதைத்தான் செய்திருக்க முடியும்? இக்கேள்விக்கு அவரிடம் விடையில்லை. எது நடந்தாலும் மெய்யாகவே தோன்றும் ஓர் எண்ணம், நடப்பதைக் காட்டும் கண்ணாடியாக இருக்க இயலாது.

டல்லசை எளிதில் குறை கூறிவிடலாகாது. அதே 1956-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரஷ்ய டாங்குகள் புடாபெஸ்ட் நகரில் புகுந்து ஹங்கேரி மக்களின் எழுச்சியை நசுக்கின. சிறையிலிருந்து சில நாட்களுக்கு முன்னரே விடுபட்டிருந்த கர்தினால் மின்சென்டி, அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து 15 ஆண்டுகள் அங்கேயே வாழ நேர்ந்தது. ஐயுறுவதற்குக் காரணம் இருந்தது. ஐயுறுவது குற்றமன்று, சான்று எதுவும் உட்புகாதபடி ஐயத்திற்குக் கதவடைத்துக் காவல் வைப்பதே குற்றம்.

1954-இல் ஜெனீவா மாநாட்டில் சீனப் பிரதமர் சூ என்லாயுடன் கைகுலுக்க டல்லஸ் மறுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அக்காலத்தில் துணைக் குடியரசுத் தலைவராயிருந்து, கம்யூனிச எதிர்ப்பில் டல்லசுக்குச் சற்றும் குறையாதவராக விளங்கியவர் ரிச்சர்டு நிக்சன். அவர் குடியரசுத் தலைவராகி 1972 பிப்ரவரி 21-ஆம் நாள் பெய்ஜிங்கில் விமானத்தைவிட்டு இறங்கியபோது, தாமே முந்திக் கைநீட்டிச் சூ என்லாயின் கையைப் பற்றினார். இடையில் 18 ஆண்டுகள் கடந்திருந்தன. கொரியப் போரில் தொடங்கிய பகை, இரு நாட்டு மக்களையும் ஒருவர் முகம் ஒருவர் அறியாதவராக ஆக்கி வைத்திருந்தது.

தனி மனிதர் ஒருவரை வைத்து எல்லாரையும் அளக்கலாமா என்று சிலர் கேட்கலாம். ஹோல்ஸ்டியே அதற்கும் விடை தேடினார். வியட்நாம் போர் 1975 ஏப்ரலில் முடிந்தது. மறு ஆண்டு, ஜேம்ஸ் ரோசனோ என்னும் அறிஞரோடு சேர்ந்து, அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அவர் வினாத்தாள் வழியே கருத்துக் கேட்டார். படை அதிகாரிகள், தூதரக அலுவலர், வணிகத் தலைவர், பேராசிரியர், பத்திரிகையாளர், தொழிற்சங்கத் தலைவர் ஆகியோருடன் சமயப் பணியாளரும் அவர்களுள் இருந்தனர். நான்காண்டுகளுக்கு ஒருமுறை 1996 வரை இவ்வாய்வு தொடர்ந்தது.

அதன் முடிவுகள் நம் சிந்தனைக்கு உரியவை. ஒரே போரைக் கண்டவர்கள் ஒரே பாடத்தைக் கற்கவில்லை. ரஷ்யாவை முழு வலிமையோடு எதிர்க்கத் தவறியதே தோல்விக்குக் காரணம் என்றனர் ஒரு சாரார். வறுமை, ஏற்றத்தாழ்வு போன்றவற்றைக் காணாமல் எங்கும் ரஷ்யாவையே கண்டதுதான் தவறு என்றனர் மற்றொரு சாரார். பிறநாட்டு விவகாரங்களில் தலையிட்டதே தவறு என்றனர் மூன்றாம் சாரார். போருக்கு முன் எவ்வெண்ணம் இருந்ததோ, அதற்கு ஏற்ற பாடத்தையே பலர் போரிலிருந்து எடுத்துக்கொண்டனர் என்று தோன்றுகிறது. முதியோர் ஒருவகையாகவும் இளையோர் வேறுவகையாகவும் எண்ணுவர், தலைமுறை மாறினால் எண்ணமும் மாறிவிடும் என்று பலர் எதிர்பார்த்தனர். அதற்கும் வலுவான சான்று கிடைக்கவில்லை. வயதைவிட, ஒருவர் செய்யும் தொழிலும் சார்ந்திருக்கும் அரசியல் கொள்கையுமே அவருடைய எண்ணத்தைப் பெரிதும் காட்டிக்கொடுத்தன.

1991-இல் சோவியத் ஒன்றியமே மறைந்தது. அதன்பின் அதைப் பற்றிய அச்சம் இயல்பாகவே குறைந்தது. ஆனால் உலகத்தைப் படைபலத்தால் நடத்துவதா, கூடிப் பேசி நடத்துவதா என்பதில் அப்பெரியோரிடையே இருந்த பிரிவினை மட்டும் பழைய வடிவிலேயே நீடித்தது. எதிர்நின்ற பகைவன் போன பின்னும் அணிவகுப்புக் கலையவில்லை.

இவ்வாறு எண்ணங்கள் இறுகிப்போவதற்குக் காரணங்கள் உள. பெரும் பதவியில் இருப்போருக்கு நிதானமாகச் சிந்திக்க நேரமில்லை. முன்னரே சேர்த்து வைத்த கருத்துகளைக் கொண்டே காலந்தள்ளுகின்றனர். சுற்றியிருப்போர் பெரும்பாலும் ஒத்த கருத்தினர். மாறாகப் பேசுவோர் நெடுநாள் அருகில் நிலைப்பதில்லை. கருத்தை மாற்றினால் கோழை என்றும் நிலையற்றவர் என்றும் எதிர்க்கட்சியினர் தூற்றுவர். யாவற்றிலும் பெரிய காரணம், சிந்திய இரத்தம். ஓர் எண்ணத்தின் பேரில் ஆயிரக்கணக்கான இளைஞரைச் சாவுக்கு அனுப்பிய ஒருவர், அவ்வெண்ணம் பொய் என்று ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம்! அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த ராபர்ட் மெக்னமாரா வியட்நாம் போரை நடத்தியவர். பதவியில் இருக்கும்போதே ஐயங்கொண்டார், 1968-இல் விலகினார். ஆனால் தாமும் தம்மைச் சேர்ந்தோரும் தவறு செய்ததாக அவர் வெளிப்படையாக நூல் எழுதியது 1995-இல்தான். அதற்குள் அமெரிக்கர் 58,000-க்கும் மேற்பட்டோரும் வியட்நாம் மக்கள் பல லட்சம் பேரும் மாண்டு, அவர்களுடைய கல்லறைகளில் புல் முளைத்துவிட்டது.

எண்ணம் மாறவே மாறாது என்று நாம் மனந்தளர வேண்டியதில்லை. 1983 மார்ச்சு 8-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன், சோவியத் ரஷ்யாவைத் தீமையின் பேரரசு என்று வர்ணித்தார். 1985-இல் ஜெனீவாவிலும், 1986-இல் ஐஸ்லாந்திலும் அவர் மிக்காயில் கோர்பச்சேவை நேருக்கு நேர் சந்தித்துப் பேசினார். 1987 டிசம்பர் 8-ஆம் நாள் இருவரும் இடைத்தர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன்படி 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. 1988 மே மாதம் மாஸ்கோவுக்குச் சென்றிருந்தபோது, இன்னமும் இது தீய பேரரசுதானா என்று செய்தியாளர் கேட்டனர். இல்லை, அது வேறொரு காலத்தைப் பற்றிச் சொன்னது என்று அவர் விடையளித்தார்.

கம்யூனிசம் தவறு என்னும் தம் கருத்தை ரீகன் கைவிடவில்லை. எதிரில் இருந்த மனிதரைப் பற்றிய கருத்தையே, கண்டறிந்த செயல்களைக் கொண்டு மாற்றிக்கொண்டார். ஆனால் அறிஞர் பலர் அவரைப் போல மாறவில்லை. 1989 ஜனவரியில்கூட, புதிய குடியரசுத் தலைவரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெண்ட் ஸ்கோக்ராப்ட், பனிப்போர் முடிந்துவிடவில்லை என்று கூறினார். அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தது. ரீகனின் உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. 2019-இல் அது முறிந்தது. ஒருவர் வருந்திப் பெற்ற மனமாற்றத்தை அடுத்தவர் மரபுரிமையாகப் பெறுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகப் பெற வேண்டியிருக்கிறது.

ஐயம் மட்டுமே இறுகும் என்று எண்ணலாகாது, நல்லெண்ணமும் இறுகுவதுண்டு. ஜெர்மனியின் தலைவர்கள், ரஷ்யாவுடன் வாணிபம் பெருகப் பெருக அந்நாடு சமாதான வழிக்கு வரும் என்று பல்லாண்டுகள் நம்பினர். 2014-இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றிய பின்பும் அந்நம்பிக்கை தளரவில்லை. பால்டிக் கடலடியில் இரண்டாவது எரிவாயுக் குழாய்த் திட்டம் நடந்துகொண்டேயிருந்தது. 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் பெருமளவில் புகுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர், அக்குழாய்த் திட்டத்தைப் பற்றிக்கொண்டிருந்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கிழக்கு ஐரோப்பிய நாடுகள் விடுத்த எச்சரிக்கைகளுக்குச் செவிசாய்க்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. டல்லஸ் நல்ல செய்தியைக் கேட்க மறுத்தார். இவர்கள் கெட்ட செய்தியைக் கேட்க மறுத்தனர். நோய் ஒன்றே.

இந்நோய்க்கு மருந்து என்ன? இங்கே நம் திருச்சபையின் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டுவோம். 1949-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் காலத்தில், கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கர் திருச்சபையினின்று விலக்கப்படுவர் என்று உரோமை ஆணையிட்டது. கிழக்கு ஐரோப்பாவில் ஆயர்களும் குருக்களும் சிறையில் வாடிய காலம் அது. 1958-இல் பொறுப்பேற்ற 23-ஆம் அருளப்பர் அக்கொள்கையை ஒருநாளும் ஏற்றவரல்லர். எனினும் 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றபோது, இரு தரப்புத் தலைவர்களையும் நோக்கி வானொலி வழியே சமாதானம் வேண்டி உருக்கமாக மன்றாடினார். 1963 மார்ச்சு 7-ஆம் நாள் ரஷ்யத் தலைவர் குருசேவின் மகளையும் மருமகனையும் வத்திக்கானில் வரவேற்றுப் பேசினார். பழித்தவர் பலர். அடுத்த மாதம் இத்தாலியத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளின் வாக்குகள் கூடியபோது, பழி முழுவதையும் பாப்பரசர் மேல் சுமத்தியவரும் உண்டு.

அதே ஏப்ரல் 11-ஆம் நாள் வெளிவந்த 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் அவர் இரண்டு வேறுபாடுகளைக் காட்டினார். தவறு வேறு, தவறுபவர் வேறு; தவறுபவரும் மனிதரே, அவருடைய மாண்பு அழிவதில்லை என்பது ஒன்று. பொய்யான தத்துவம் வேறு, அதிலிருந்து பிறந்த இயக்கம் வேறு. எழுதி வைத்த தத்துவம் மாறாது நிற்கலாம், ஆனால் மக்களால் ஆன இயக்கம் காலப்போக்கில் மாறக்கூடும் என்பது மற்றொன்று. டல்லஸ் காணாமற்போன வேறுபாடு இதுவே. தத்துவத்தை வெறுத்ததில் அவர் தவறவில்லை. தத்துவத்தையும் மனிதரையும் ஒன்றாக்கி இரண்டிற்கும் ஒரே முத்திரை குத்தியதில் தவறினார்.

இந்த அணுகுமுறைக்குக் கனியும் கிடைத்தது, குறையும் இருந்தது. 1945 முதல் 18 ஆண்டுகள் சிறையிலும் உழைப்பு முகாம்களிலும் வதைக்கப்பட்ட உக்ரைன் நாட்டுப் பேராயர் ஜோசிப் ஸ்லிப்பி, 1963 பிப்ரவரியில் உரோமை வந்து சேர்ந்தார். ஆனால் அவரே பிற்காலத்தில், கம்யூனிச அரசுகளிடம் உரோமை காட்டிய மென்மையை வெளிப்படையாகக் குறைகூறினார். நாட்டில் எஞ்சியிருந்த தம் மந்தை மறக்கப்படுகிறது என்று வருந்தினார். அக்குரலையும் நாம் கேட்க வேண்டும். பகைவரோடு உரையாடுபவர், பகைவரால் துன்புறுவோரின் குரலுக்குச் செவியை அடைத்துக்கொண்டால், அதுவும் ஒருவகைக் குருட்டுத்தனமே.

அன்பர்களே, விசுவாசம் மாறாதிருக்க வேண்டும் என்று நாம் கற்றிருக்கிறோம். அது கடவுளைப் பற்றியது, அவர் மாறாதவர். ஆனால் மனிதரையும் நாடுகளையும் பற்றி நாம் கொண்டுள்ள கருத்து விசுவாசப் பொருளன்று. அது மாறுகின்ற படைப்புகளைப் பற்றியது. ஆகவே சான்றுக்கு முன் அது பணிய வேண்டும். கருத்தை விசுவாசத்தின் அரியணையில் ஏற்றிவிட்டால், அதை மாற்றுவது மறுதலிப்பாகத் தோன்றும். பெரியோர் பலர் வழுக்கியது இங்கேதான். மறைப்பற்று மிக்கவர் எளிதில் வழுக்கும் இடமும் இதுவே.

டல்லசின் மகன் ஏவரி டல்லஸ் 1940-இல் கத்தோலிக்கரானார். சேசு சபையில் சேர்ந்து, 1956-இல் குருப்பட்டம் பெற்றார். 2001-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். 2008-இல் இறைவனடி சேர்ந்தார். 1974-இல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூலில், திருச்சபையைக் காண ஐந்து மாதிரிகளை விளக்கி, அவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று திருச்சபையின் முழுமையைக் காட்டாது என்றார். தாம் நேசித்த திருச்சபைக்கே ஒரு படம் போதாது என்றார் மகன். பகைவருக்கு ஒரே படம் போதும் என்றிருந்தார் தந்தை.

நம்மில் ஒருவரும் அமைச்சர் அல்லர். ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அயல்நாட்டுக் கொள்கை உண்டு. பங்காளி வீட்டைப் பற்றி, அடுத்த தெருவைப் பற்றி, வேற்றுச் சாதியையும் வேற்று மதத்தையும் பற்றி, செய்தித்தாளில் பார்க்கும் பகை நாட்டைப் பற்றி, உணவு வேளையில் பெற்றோர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டு வளர்கின்றனர். அவர்கள் என்றுமே அப்படித்தான் என்னும் ஒரு சொல் போதும். அது பிள்ளையின் உள்ளத்தில் முப்பது ஆண்டுகள் ஆட்சி செய்யும். அப்பிள்ளைகளுள் ஒருவர் நாளை அதிகாரியாகலாம், அமைச்சருமாகலாம்.

ஆகவே இரவு செபத்தின் ஆன்மசோதனையில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம். நான் கெட்டவர் என்று தீர்ப்பிட்ட ஒருவர், எதைச் செய்தால் என் தீர்ப்பை மாற்றிக்கொள்வேன்? விடை இருந்தால் நம் எண்ணம் இன்னும் உயிரோடிருக்கிறது. எதைச் செய்தாலும் மாற்றமாட்டேன் என்பதே விடையானால், நாமும் நினிவேக்கு வெளியே பந்தலிட்டு அமர்ந்திருக்கிறோம் என்று பொருள்.

யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடியை இறைவன் ஒரே நாளில் வாடச் செய்தார். செடிக்காக இரங்கும் நீ, இத்தனை மக்கள் வாழும் நகருக்காக நான் இரங்கலாகாதா என்னும் பொருள்படக் கேட்டார். யோனா என்ன பதில் சொன்னார் என்று அந்நூல் கூறவில்லை. உலகின் தலைவர்கள் நல்ல பதில் சொல்ல வேண்டுமென்று மன்றாடுவோம். நம் பதிலை நம் வீட்டிலேயே தொடங்குவோம்.